தேயாத ரிக்கார்டு

ஏ பேராண்டி, காதுக்குள்ள அடைச்சிருக்கியே வெள்ளைக் கொட்டை, அதுல ஒண்ணைக் கழட்டு. ரெண்டையும் கழட்டச் சொன்னா கோவிச்சுக்கிடுவே. ஒண்ணு போதும். அந்தத் தம்பி பாடுறதுக்கு ஒரு காது, நான் பேசுறதுக்கு ஒரு காது. எனக்கே ஒத்தக் காதுலதான் பொழப்பு ஓடுது. இடது காதைக் குழாய் ஸ்பீக்கருக்கு எழுதிக் குடுத்து வருசம் பல ஆச்சு. ஒத்தக் காதுல ஒண்ணும் குறைஞ்சு போகல. ஒங்க அப்பத்தா வையும்போது இடது பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிடுவேன்.

அந்தத் தம்பி சித் ஸ்ரீராம், ‘சித்தார்த்’னு தன் பேரையே வச்சு ஆல்பம் போட்டது 2023-ல. நீ இன்னைக்கு வரைக்கும் அதைப் ‘புது ஆல்பம்’னுதான் சொல்றே. நானும் திருத்தல. திருத்தினா அரை மணி நேரம் விளக்கம் வரும்னு தெரியும்.

அது வந்த அன்னைக்கு ஒன் மூஞ்சி இருந்த இருப்பு எனக்கு மறக்கல. நடுராத்திரி முழிச்சிருந்து கேட்டிருக்கே. விடிஞ்சதும் காப்பி ஆறிப் போற வரைக்கும் திண்ணையில உக்காந்திருந்தே. அப்பத்தா காய்ச்சலோன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. என்னடான்னு கேட்டா, ‘தாத்தா, முழுக்க இங்கிலீசுல பாடிட்டாப்ல’ன்னே. ஏதோ சொத்தை வித்துட்டு ஓடிப் போயிட்டாப்லங்கிற தோரணையில சொன்னே. நானும் மொகத்தை வருத்தமா வச்சுக்கிட்டு, ‘சரிப்பா, காட்டுப்பக்கம் போயிட்டு வா, மனசு ஆறும்’னேன்.

ஒரு வாரம் கழிச்சு, ‘செட்டாகும் தாத்தா’ன்னே. அதுக்கு அடுத்தாப்ல, ‘கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்’னே. இப்ப என்னடான்னா, நல்லா இல்லன்னு சொன்ன கூட்டாளிகிட்ட பேச்சை நிறுத்திட்டியாம். ஏண்டா, முதல் நாள் நீ திண்ணையில சொன்னதைத்தான அவனும் சொன்னான்? நீ கட்சி மாறுனப்ப அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா அவனும் மாறியிருப்பான்ல?

ஒன்னைக் குத்தம் சொல்லல. நடந்ததைக் கணக்குப் பார்க்குறேன். முதல் தடவை நீ கேட்டது பாட்டுக்காக இல்ல, பேருக்காக. ரெண்டாவது தடவை கேட்டது, பிடிச்ச ஆளு பாட்டு பிடிக்காமப் போச்சேங்கிற கவலையில. மூணாவது தடவை, ‘ஒனக்குப் புரியல’ன்னு எவனும் சொல்லிடக் கூடாதேன்னு. அதுக்குப் பெறகுதான் பாட்டு ஒங்காதுல விழவே ஆரம்பிச்சிருக்கு. இதே ஆல்பத்தை முகம் தெரியாத ஒருத்தன் போட்டிருந்தா ரெண்டாவது தடவை வாய்ச்சிருக்குமா? முதல் பாட்டு முடியுறதுக்குள்ள கட்டை விரல் வேற பக்கம் தள்ளியிருக்கும். அம்புட்டு வருசமா அந்தத் தம்பி சினிமாவுல பாடிப் பாடி ஒங்கிட்ட ஒரு கணக்கு போட்டு வச்சிருக்காப்ல. இந்த ஆல்பம் மொத மாசம் ஓடுனது அந்தச் சேமிப்புலதான்.

சேமிப்புன்னா சாதாரணச் சேமிப்பா? சென்னையில பொறந்து, கைப்பிள்ளையா அமெரிக்கா போயி, கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ங்கிற ஊர்ல வளர்ந்த பிள்ளை. அம்மாவே கர்நாடக சங்கீதம் சொல்லிக் குடுக்குற அம்மா. பெறகு பாஸ்டன்ல பெர்க்லீ காலேசுல படிப்பு. ரகுமான் கூப்பிட்டு மணிரத்னம் படத்துல, 2013-ல வந்த ‘கடல்’ல, ‘அடியே’ பாட வச்சாரு. எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எம்புட்டு தடவை சொன்னேன்னா, இப்ப நான் ஒனக்கே பாடம் எடுப்பேன்.

ஆனா ஒண்ணைக் கவனிச்சியா? அந்தத் தம்பி பாட்டு ஒனக்குள்ள வந்தப்பெல்லாம் கூடவே ஒரு ஆளு வந்தாரு. ‘கண்ணான கண்ணே’ன்னா ஒனக்கு யாரு நெனப்பு? நரைச்ச தலையோட அஜித்து. ‘ஸ்ரீவள்ளி’ன்னா? தமிழ்லயும் தெலுங்குலயும் பாடுனது இந்தத் தம்பிதான், ஆனா ஊர்ல சின்னப் பயலுக எல்லாம் செருப்பைக் கழட்டி விட்டுக் காலை இழுத்து நடந்தானுகளே, அது அல்லு அர்ஜுன். நீயும் நடந்தே. ஒரு செருப்பு வாய்க்கால்ல போச்சு. நான் ஒங்க அப்பன்கிட்டச் சொல்லல.

சினிமாப் பாட்டுல ஒனக்கு ஒரு வேலையும் கிடையாது. எங்க அழணும், எங்க சிரிக்கணும், யாரை நெனைக்கணும்கிறதை டைரக்டரு முடிவு பண்ணி, கேமராக்காரரு எடுத்து, தியேட்டர்ல ஒன் கையில குடுத்திருவாரு. படம் வர்றதுக்கு முன்னாலயே எஃப்எம்காரன் நாள் பூராப் போட்டுப் பழக்கி விட்டிருவான். நீ டிக்கெட் வாங்குனா சரி. தனி ஆல்பத்துல அந்தச் சவுகரியம் இல்ல. அஜித்து இல்ல, அல்லு அர்ஜுன் இல்ல, மழையில நனையுற பொண்ணு இல்ல. குரல் மட்டும் நிக்குது. எங்க பார்க்குறதுன்னு தெரியாமத்தான் நீ மொத ராத்திரி முழிச்சிருக்கே.

இரு, வாயைத் தொறக்காத. நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். ‘மறுவார்த்தை’க்கு என்ன சொல்றீங்கன்னு கேப்பே. நல்ல கேள்விதான். பாட்டு வந்தது 2017-ல, ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ படம் வந்தது 2019 கடைசியில. இசை யாருன்னுகூடச் சொல்லாம ‘மிஸ்டர் எக்ஸ்’னு போட்டு விட்டாங்க. தர்புகா சிவான்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ரெண்டு வருசத்துக்கு மேல படமில்லாமப் பாட்டு மட்டும் ஊரெல்லாம் சுத்துச்சு. ஆனா படம் வரும்கிற நம்பிக்கை இருந்துச்சுல்ல? போஸ்டர்ல தனுஷ் இருந்தாருல்ல? நீங்க எல்லாரும் ஆளுக்கொரு ‘மறுவார்த்தை’யை மனசுக்குள்ளயே எடுத்து வச்சுக்கிட்டீங்க. அதனாலதான் படம் வந்தப்ப தியேட்டர்லேருந்து வந்து, ‘நான் நெனச்ச மாதிரி எடுக்கல’ன்னு மொணங்குனே. கவுதம் மேனன் ஒன்னைக் கேட்டா எடுக்க முடியும்?

இந்த ஆல்பத்துல அந்த வேலை முழுசும் ஒன் தலையில விழுந்துச்சு. ‘டூ த டான்ஸ்’ கேக்கும்போது எந்த இடம் கண்ணுல வருதுன்னு கேட்டேனே, யோசிக்காமச் சொன்னே, சாத்தூர் தாண்டினதும் வர்ற பாலம்னு. அந்தப் பாலத்தை அந்தத் தம்பி பார்த்திருக்கவே மாட்டாப்ல. அவரு பாட்டைப் பதிஞ்சது மின்னியாபொலிஸ்ங்கிற குளிர் ஊர்ல, ரயன் ஓல்சன்னு ஒரு வெள்ளைக்காரரு கூட உக்காந்து. அங்க பனி கொட்டும். இங்க நீ டவுன் பஸ்ல வேர்த்து வழிஞ்சுக்கிட்டுப் போகும்போது கேட்டே, பாலம் வந்து ஒட்டிக்கிடுச்சு. பஸ்ஸு தெனமும் அதே நேரத்துக்கு அங்க போகும். பாட்டும் அங்க வர்றப்ப அதே இடத்துக்கு வரும். இப்ப பாலம் இல்லாம அந்தப் பாட்டு ஒனக்கு இல்ல. பாட்டு பிடிச்சுப் போச்சுங்கிறியே, அதுல பாதி நீயே எடுத்த படம். டைரக்டர் கூலி யார்கிட்டக் கேக்கப் போறே? அந்தத் தம்பி பேர்லயா பில்லு எழுதுவே?

அந்தத் தம்பி மேல எனக்குக் குறை இல்ல. அடுத்தவன் காட்டுல கூலிக்கு ஏர் ஓட்டுறவன் சால் பிசகாம ஓட்டுவான், காட்டுக்காரன் வரப்புல நிக்கிறான்ல. தன் காட்டுல ஓட்டும்போதுதான் எங்க நிப்பான், எங்க வளைப்பான்னு தெரியும். அது இந்த ஆல்பத்துல தெரியுது. மெட்டு இன்னொருத்தர் போட்டது இல்ல, கதாநாயகனுக்காக அடக்கி வாசிச்சதும் இல்ல. கர்நாடகக் கமகத்தைக் கொண்டு போயி வெள்ளைக்காரன், கறுப்பினத்தான் தாளத்து மேல உக்கார வச்சிருக்காப்ல. ஒரு இடத்துல நல்லா உக்காந்திருக்கு, ஒரு இடத்துல நழுவுது. நழுவுறதைத்தான் நீ ‘எக்ஸ்பெரிமென்ட்’டுன்னு சொல்றே. அப்படியே இருக்கட்டும்.

வார்த்தை புரியலங்கிறது ஒரு குறையே இல்ல. தமிழ்ல பாடும்போதே வார்த்தையை வாய்க்குள்ள உருட்டித்தான் வெளிய விடுறாப்லன்னு ஊர்ல பாதிப் பேருக்கு மனத்தாங்கல். இங்கிலீசுல உருட்டுனா நமக்கு என்ன நஷ்டம்? எங்க காலத்துல கோயில்பட்டியில நாயனம் வாசிக்கிற காருகுறிச்சி அருணாசலம் இருந்தாரு. 1964-ல போய்ச் சேர்ந்துட்டாரு, அந்தக் கதை வேற. அவரு வாசிப்புக்கு முன்னால ராத்திரி பூரா தரையில உக்காந்திருப்போம். ஒத்த வார்த்தை உண்டா அதுல? அவரோட குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி ரிக்கார்டு, அதுலயும் ஒரு வார்த்தை கிடையாது. அதைக் கேட்டு அழுதவனுக, தோடின்னா என்னன்னு கேட்டா முழிப்பானுக. ஒன் ஆல்பத்துல ‘டியர் சஹானா’ன்னு ஒரு பாட்டு இருக்குன்னதும், அட, நம்ம சஹானா ராகமான்னு நானே ஒத்தக் காதைக் குடுத்தேன்ல? என்ன வந்துச்சு, எம்புட்டு வந்துச்சுங்கிறதை ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே எனக்கும் ஒரு கொட்டை வாங்கிட்டு வந்துருவே.

மைக்செட்டுக்காரன்கிட்டயே வந்து ‘திரும்பத் திரும்பக் கேட்கணும் தாத்தா’ன்னு சொன்னியே, அதுதான் எனக்குச் சிரிப்பு. திரும்பத் திரும்பக் கேட்டே சோறு தின்னவன்டா நான். டவுசர் போட்டிருந்த வயசுல எடுபிடியா போனேன். அப்ப மொத்தம் ஒரு தகரப் பெட்டி ரிக்கார்டு. எழுபத்தெட்டுச் சுத்து ரிக்கார்டு, அரக்குல செஞ்சது, கீழ போட்டா ஓடு கணக்கா நொறுங்கிப் போகும். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம், மிஞ்சிப் போனா மூணேகால். மூணு நிமிசத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சுத் திருப்பிப் போடணும், ஊசியை மாத்தணும். கல்யாணம் ரெண்டு நாளு, அம்மன் பொங்கல் மூணு நாளு. பெட்டியில இருக்கிறது கொஞ்சம், நாளோ நீளம். பெறகு, போட்டதையே போடாம என்ன செய்யுறது? ரசனையாவது ஒண்ணாவது, பஞ்சத்துல திரும்பத் திரும்பப் போட்டோம். ஊரு அதைப் பிடிச்சுப் போயித்தான் கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டோம். கொஞ்ச நாள்ல அது நெசமாவே பிடிச்சுப் போச்சு.

தனி ஆல்பம்கிறது ஏதோ ஒங்க தலைமுறை கண்டுபிடிச்சதுன்னு நெனைக்கிறியே, அது வேற. டி.எம்.சவுந்தரராஜன் எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் பாடி முடிச்சுட்டு, தனியா முருகன் பாட்டு ரிக்கார்டு குடுத்தாரு. அதுல சிலதுக்கு மெட்டும் அவரே. எல்.ஆர்.ஈஸ்வரியம்மாவை எடுத்துக்கோ. சினிமாவுல கிளப் டான்ஸுன்னா அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. தனி ரிக்கார்டுல மாரியாத்தாளைப் பாடுனாங்க பாரு, அதே குரலு, ஊர்ல பொம்பளைக வரிசையா சாமியாடுனாங்க. நாகூர் ஹனீபா குரலுக்கு சினிமா முகம் ஒண்ணும் தேவைப்படல. எல்லாம் தனிப் பாட்டுத்தான். படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது. ஆனா அதுக்கு நாங்க யாரும் ‘செட்டாகும், பொறு’ன்னு உக்காந்து காதைப் பழக்கல. வேப்பமரத்துல குழாயைக் கட்டி வெள்ளனத்துல போட்டு விட்டோம். பல்லு விளக்குறவன், சாணி அள்ளுறவ, பரீட்சைக்குப் படிக்கிற பய, எல்லாருக்கும் விழுந்துச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு அவனுகளுக்கு ஒரு பேச்சே இல்ல.

ரேடியோவும் அப்படித்தான். 1952 வாக்குல கேஸ்கருன்னு ஒரு மந்திரி, சினிமாப் பாட்டு கெட்டதுன்னு ஆல் இந்தியா ரேடியோவுல கையை இறுக்குனாரு. நமக்கென்ன, கடலுக்கு அங்கிட்டுத்தான் இலங்கை வானொலி. தெக்கத்திச் சீமையில மெட்ராசை விட கொழும்பு தெளிவா எடுக்கும். நேயர் விருப்பம்னு பேரைப் படிச்சுப் படிச்சு, கேட்ட பாட்டையே போட்டுப் போட்டு, அவங்களும் அவங்க பங்குக்கு ஊரைப் பழக்குனாங்க.

வித்தியாசம் புரியுதா? எங்களுக்குப் பாட்டு தெரியாம வந்து ஏறுச்சு. நீ தேடிப் போயி, பிடிக்கலன்னு தெரிஞ்சும், பிடிக்கணும்னு உக்காந்து ஏத்திக்கிட்டே. நான் அதைக் கேலி பண்ணுனாலும், உள்ளுக்குள்ள ஒரு மரியாதை உண்டு. ஒங்க அப்பன் இந்த உழைப்புல பாதியைக் கணக்குப் பாடத்துல போட்டிருந்தா தாலுகா ஆபீஸ்ல இருந்திருப்பான்.

இதுக்கெல்லாம் படிப்பு இருக்காம்டா. ஒஞ்சித்தப்பன் மக மதுரையில சைக்காலஜி படிக்குதுல்ல, அது லீவுக்கு வந்தப்ப சொல்லுச்சு. ராபர்ட் ஸையன்ஸ்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு. எழுதுறது ஒரு விதமாவும் கூப்பிடுறது ஒரு விதமாவும் இருக்கிற பேரு. 1968-ல சோதனை பண்ணியிருக்காரு. அர்த்தம் தெரியாத சீன எழுத்து கணக்கா கோலங்களை ஆளுகளுக்குக் காட்டுனாராம். சிலதை ஒண்ணு ரெண்டு தடவை, சிலதை நெறையத் தடவை. பெறகு எது நல்ல அர்த்தமுள்ளதாத் தோணுதுன்னு கேட்டா, நெறையப் பார்த்ததுதான் நல்லதுன்னாங்களாம். அர்த்தம் ஒண்ணும் தெரியாது, கண்ணுக்குப் பழகுனது ஒண்ணுதான் காரணம். நான் அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேன், ‘ஆத்தா, இதை அவரு காகிதத்துல கண்டுபிடிச்சாரு, நான் வேப்பமரத்துல கண்டுபிடிச்சேன், எனக்கு எவனும் பட்டம் குடுக்கல’ன்னு.

இன்னொண்ணு சொல்லுச்சு, அதுதான் சங்கதி. எலிசபெத் மார்குலிஸ்னு அமெரிக்காவுல ஒரு அம்மா. லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர்னு ரெண்டு பெரிய இசைக்காரங்க. ஒரே இடம் ரெண்டு தடவை வந்துறவே கூடாதுன்னு வம்படியா இசை எழுதுனவங்க. கேட்டா காலுக்குப் பிடிமானம் கிடைக்காது. இந்த அம்மா அதை எடுத்து வெட்டி, சில துண்டு மறுபடி வர்ற மாதிரி ஒட்டி, மக்களைக் கேக்க விட்டுச்சாம். கேட்டவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ஒட்டுப் போட்டதுதான் நல்லா இருக்கு, மனசுக்கு ஒட்டுதுன்னாங்களாம். அதோட விட்டாங்களா? ஒட்டுப் போட்டதுதான் மனுசன் எழுதுன மாதிரி இருக்குன்னுட்டாங்களாம். அந்தப் பெரிய மனுசங்க யோசிச்சு யோசிச்சு எழுதுன அசல், கம்ப்யூட்டர் எழுதுன கணக்கா தெரிஞ்சிருக்கு. ஆக, திரும்ப வந்தாத்தான் நமக்கு அது ஆளு. ஒரு தடவை வந்துட்டுப் போனா அது யாரோ.

கச்சேரியில இது எப்பவோ தெரிஞ்சதுதான். ஒரே வரியை எடுத்து சங்கதி மேல சங்கதியாப் போடுறாங்களே, அது என்னவாம்? இதே தம்பி மார்கழியில சென்னை சபாவுல உக்காந்து அதைத்தான் பண்ணுறாப்ல. அங்க பாடுறவரே நமக்காகத் திருப்பித் திருப்பிப் பாடிருவாரு, நாம தலையை ஆட்டுனாப் போதும். ஆல்பத்துல ஒரே தடவை பாடிட்டுப் போயிட்டாப்ல. ரிப்பீட்டு பொத்தான் ஒன் பொறுப்பு.

ஆனா பேராண்டி, இதுல ஒரு மேடும் உண்டு, ஒரு சரிவும் உண்டு. அதையும் அந்தப் பிள்ளை ஏதோ வளைஞ்ச கோடு போட்டுக் காட்டுச்சு. எனக்குக் கோடு வேண்டாம். அம்மன் பொங்கல்ல மொத நாள் போட்ட புதுப் பாட்டை, யாருப்பா பாடுனதுன்னு வந்து விசாரிப்பாங்க. ரெண்டாம் நாள் கூடவே முணுமுணுப்பாங்க. மூணாம் நாள் ராத்திரி குழாய் மேல கல்லு வந்து விழும். எறிஞ்சது யாருன்னு பார்த்தா, ரெண்டாம் நாள் முணுமுணுத்தவனாத்தான் இருப்பான். நான் கல்லு வர்றதுக்கு ஒரு பாட்டு முன்னாலயே ரிக்கார்டை மாத்தக் கத்துக்கிட்டேன். அதுதான் இந்தத் தொழிலு. நீயும் இப்ப ரெண்டாம் நாள் சாயங்காலத்துல நிக்கிறே.

எங்க காலத்துல இதுக்கு ஒரு தடுப்பு இருந்துச்சு. இரும்பு ஊசி ரிக்கார்டை அறுக்கும். ஊருக்கு எது பிடிச்சுப் போச்சோ அதுதான் சீக்கிரம் தேயும். பிடிச்ச பாட்டுல கரகரப்பு ஏறும், பிடிக்காத பாட்டு புதுசு கணக்கா மினுங்கும். பெட்டியைத் தொறந்து ரிக்கார்டோட மொகத்தைப் பார்த்தே ஊரு எதுல மயங்குச்சுன்னு சொல்லிருவேன். ஒரே இடத்துல ஊசி மாட்டி சொன்னதையே சொல்லிக்கிட்டு நின்னா, இதுக்கு மேல வேண்டாம்னு அர்த்தம். பெறகு கேசட்டு வந்துச்சு, அதுவும் நாடா இழுத்து, குரல் தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி ஆயிரும். ஒன்னோடது தேயவே தேயாது. ஆயிரத்து ஒண்ணாவது தடவையும் மொத தடவை மாதிரியே பாடுது. தேயுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, தேயுறது பாட்டுக்கு இங்கிட்டு இருக்கிற ஆளுதான்.

இன்னொரு கூத்தும் நீதான் சொன்னே. ஸ்பாட்டிஃபைல முப்பது செகண்டு கேட்டா ஒரு தடவை கேட்டதாக் கணக்காம். நான் ஒரே ரிக்கார்டைப் பொங்கல் பூரா போட்டாலும் கம்பெனிக்கு ஒரு ரிக்கார்டு வித்த காசுதான். ஒனக்கு அப்படி இல்ல. ராத்திரி கேட்டுக்கிட்டே தூங்கிப் போறியே, குறட்டைக்கும் சேர்த்துக் கணக்கு ஏறுது. அந்தத் தம்பிக்குப் போய்ச் சேருறது சொற்பந்தான், இருந்தாலும் ஒன் தூக்கத்துல ஒருத்தன் சம்பாதிக்கிறான்கிறதைத் தெரிஞ்சுக்கோ. தப்பு இல்ல. எனக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்பவே இருந்திருந்தா, இந்தத் தெருவுக்கே ஓடு போட்டிருப்பேன்.

சரி, புத்திமதி சொல்லுன்னு நீ கேக்கல. கேக்காததுதான் எனக்குச் சவுகரியம்.

கலைச்சுப் போட்டுக் கேக்காத. ‘ஷஃபிள்’னு ஒரு பொத்தான் வச்சிருக்கான் பாரு, அது கல்யாண வீட்டுக்கு ஆகும், ஆல்பத்துக்கு ஆகாது. கேசட்டு காலத்துல ஒரு பாட்டைத் தாண்டணும்னா பேனாவை விட்டுச் சுத்தணும், அந்தச் சோம்பேறித்தனத்துலயே பிடிக்காத பாட்டும் முழுசாக் காதுல விழும். நடுவுல கெடக்குற மெதுவான பாட்டு கடைசியாத்தான் பிடிக்கும், பிடிச்சா அதுதான் நெலைக்கும். ஒன் ஆல்பத்துல ‘ப்ளூ ஸ்பேசஸ்’னு ஒண்ணு இருக்குல்ல, அதைத் தாண்டித் தாண்டிப் போனே, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். போன மாசம் அதைத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது வாய்க்குள்ள இழுத்துக்கிட்டிருந்தே.

நாலு நாள் கேக்காமயும் இரு. உசிரு போயிறாது. காதுல கொட்டை இல்லாம, மோட்டாரைப் போட்டுட்டு வரப்புல நிக்கும்போது எந்தப் பாட்டு தானா வருதோ, அது ஒன்னோடது. மத்ததெல்லாம் இன்னும் அந்தத் தம்பியோடதுதான். அவருகிட்டயே இருக்கட்டும்.

அதுல ஒரு பாட்டாவது ஒனக்குப் பிடிக்காமப் போகணும். நான் கேட்டுப் பார்த்துட்டேன், எல்லாம் நல்லாருக்குங்கிறே. அது ரசனை இல்லடா, விசுவாசம். டி.எம்.எஸ்ஸே பாடியிருந்தாலும், இந்த ரிக்கார்டு வேண்டாம், பெட்டிக்கு அடியில போடுன்னு சொன்ன ஆளுகளைத்தான் நான் மத்த ரிக்கார்டுக்கு அபிப்பிராயம் கேப்பேன். எல்லாத்துக்கும் தலையாட்டுறவனுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவேன்.

அடுத்தவனைக் கட்டிப் போட்டுக் கேக்க வைக்காத. ‘மூணு தடவை கேளு, பெறகு சொல்லு’ன்னு கூட்டாளிகிட்டச் சண்டைக்குப் போறியே, அவனுக்கு என்ன தலையெழுத்து? ஒனக்கு அந்தத் தம்பிகிட்டப் பழைய கணக்கு இருக்கு, பொறுத்தே. அவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அவனுக்கு அனிருத்துகிட்டக் கணக்கு இருக்கு, அங்க அவன் பொறுப்பான். போயி அவன்கிட்டப் பேசு. பாட்டைப் பத்திப் பேசாத, மழையைப் பத்திப் பேசு.

சத்தத்தையும் பார்த்துக்கோ. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு அளவு வச்சிருக்கு, எண்பது டெசிபல்ல வாரத்துக்கு நாப்பது மணி நேரம் வரைக்கும் காது தாங்கும்னு. நீ வைக்கிற சத்தம் என் ஒத்தக் காதுக்கே கொட்டைக்கு வெளிய கேக்குது. எனக்குக் குழாய் ஸ்பீக்கராவது சம்பளம் குடுத்துட்டுக் காதை வாங்குச்சு.

கடைசியா ஒண்ணு. ஒங்க அக்கா கல்யாணத்துக்கு நீதான் பாட்டுப் போடப் போறேன்னு சொல்லியிருக்கியாம். மாப்பிள்ளை ஊர்க்காரங்களுக்கும் இந்த ஆல்பத்தைக் கேக்க வச்சிருவேன்னு சபதம் போட்டிருக்கியாம். அப்பத்தா பயந்து போயி எங்கிட்ட வந்து சொன்னா. நான் தடுக்கல. தொழில் தெரிஞ்ச கிழவன் சொல்றதை மட்டும் கேளு. வெள்ளனத்துல சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டைப் போட்டுரு, அதுல கை வைக்காத, கெழடு கட்டைகளுக்கு அதுதான் விடிஞ்சதுக்கு அடையாளம். மாப்பிள்ளை அழைப்புல ‘ஸ்ரீவள்ளி’ ஒரு தடவை, பிள்ளைக ஆடட்டும். தாலி கட்டும்போது கெட்டி மேளம் தவிர வேற சத்தம் வந்துச்சுன்னா வயரைப் புடுங்கிருவேன். பந்தி ஆரம்பிக்கும், அப்பப் போடு ஒன் ஆல்பத்தை. இலையில சோறு விழுந்தவன் பாட்டு பிடிக்கலன்னு எந்திரிச்சுப் போக மாட்டான். வாயில சோறு இருக்கிறதால குறையும் சொல்ல மாட்டான். மொதப் பந்திக்கு ‘டியர் சஹானா’, ரெண்டாம் பந்திக்கும் அதே ‘டியர் சஹானா’. பரிமாறுற பயலுக ரெண்டு பந்தியிலயும் நிப்பானுக, மூணாம் பந்தியில அவனுக வாயைக் கவனி. நாலாம் பந்திக்கு மட்டும் ரிக்கார்டை மாத்திரு, அதுல ஒங்க பெரிய மாமன் உக்காருவாரு. அவரு கல்லு எறிய மாட்டாரு. செம்பு எறிவாரு.